அசோகா சரியாக வரவில்லையா? திருவையாற்றுப் பக்குவத்தில் குறை கண்டுபிடிக்கும் வழி

மார்கழிக் கடைசியிலோ தையிலோ தியாகராஜர் ஆராதனை. சித்திரையில் எங்கள் ஊர் சுவாமி ஐயாறப்பர் ஏழு ஊர் சுற்றிவரும் ஏழூர்ப் பல்லக்கு. இந்த இரண்டுக்கும் திருவையாற்று வீடுகளுக்கு விருந்தாளி வராமல் இருக்கமாட்டார்கள்; வந்தவர்களை அசோகா, அதுதான் பாசிப்பருப்பில் கிண்டுகிற எங்கள் ஊர் இனிப்பு, கொடுக்காமல் அனுப்பவும் முடியாது. கடையில் வாங்கிவிடலாம்தான். ஆனால் திருவிழா அன்று கடைவாசலில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால், பேசாமல் வீட்டிலேயே பருப்பை வறுத்துவிடலாம் என்று தோன்றும். வெளியூரில் இருப்பவர்களுக்கு அந்தக் கடைவாசலும் இல்லை. ஊரில் பல்லக்கு கிளம்பும் நாளில் சென்னையிலோ துபாயிலோ தாங்களே வாணலியை ஏற்றினால்தான் உண்டு.

ஏற்றியவர்களிடமிருந்து பாதி வழியில் போன் வரும். முக்கால்வாசிப் பேர் நெய்யைத்தான் குறை சொல்வார்கள். "அத்தை, நெய் பத்தலையோ?" "நெய் நல்ல நெய் இல்லையோ?" நான் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: பருப்பில் தண்ணீர் எவ்வளவு இருந்தது? அசோகா கெடுவது பெரும்பாலும் நெய்யால் இல்லை, தண்ணீரால். பருப்பில் தங்கிய தண்ணீர், அவசரப்பட்டுச் சுண்டவிட்ட தண்ணீர், சூட்டோடு மூடியதால் மூடியிலிருந்து சொட்டுகிற தண்ணீர். கீழே எழுதியிருக்கிற பல குறைகள் இந்த ஒரே இடத்தில்தான் போய் முடியும்.

முதலில் அளவு. குறை எங்கே என்று பார்க்க ஒரு கணக்கு வேண்டுமே. பாசிப்பருப்பு 1 டம்ளர், கோதுமை மாவு கால் டம்ளர், ஜீனி 2 டம்ளர், நெய் 1 டம்ளர். முந்திரி, ஏலக்காய், கேசரி பவுடர் ஒரு சிட்டிகை, உப்பு ஒரு சிட்டிகை. பருப்பை வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுத்து, கழுவி, இரண்டரை டம்ளர் தண்ணீர் விட்டுக் குக்கரில் நாலைந்து விசில். மத்தால் மசித்துக்கொள்ளுங்கள். பாதி நெய்யில் முந்திரியை வறுத்து எடுத்துவிட்டு, அதே நெய்யில் கோதுமை மாவைப் போட்டு வறுத்து, மசித்த பருப்பைச் சேர்த்துக் கிளறி, அது கெட்டியானபின் ஜீனி. மிச்ச நெய்யைக் கரண்டி கரண்டியாக விட்டுச் சுருளக் கிளறி, கடைசியில் உப்பு, ஏலக்காய், முந்திரி. இவ்வளவுதான் செய்முறை.

இளகலாகவே இருக்கிறது, கெட்டியாகவே மாட்டேன் என்கிறது

அதிகமாக வரும் புகார் இது. இளகல் தண்ணீராலா நெய்யாலா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு எவர்சில்வர் தட்டில் ஒரு ஸ்பூன் அசோகாவை வைத்து ஐந்து நிமிஷம் அப்படியே விடுங்கள். அசோகா பரவிப்போய், ஓரத்தில் நீர்த்த வளையம் கட்டினால் தண்ணீர் மிச்சம் இருக்கிறது. அசோகா வைத்த இடத்திலேயே மேடாக உட்கார்ந்து, சுற்றி மினுமினுவென்று நெய் மட்டும் கசிந்தால் அது பக்குவமான அசோகா. நீங்கள் அடுப்பை அணைத்திருக்க வேண்டிய நேரம் இதுதான். அசோகா இறக்கும்போது கரண்டியிலிருந்து சரிந்து விழும் பதத்தில்தான் இருக்க வேண்டும், ஆறினால் தானாக இறுகும். வில்லை போடுகிற பலகாரம் இல்லை இது. இலையில் வைத்து வழித்துச் சாப்பிடுவது.

தண்ணீர்தான் என்று தெரிந்துவிட்டதா? சரி, அது எங்கிருந்து வந்தது? குக்கரைத் திறந்தபோது பருப்புக்கு மேல் தெளிவாகத் தண்ணீர் நின்றிருந்தால் அங்கேயே வடித்திருக்க வேண்டும் (அந்தத் தண்ணீரைக் கொட்டாதீர்கள், ரசத்துக்கு ஆகும்). அதைவிடப் பெரிய காரணம், பருப்பு கெட்டியாகும் முன்பே ஜீனியைக் கொட்டுவது. ஜீனி விழுந்ததும் கலவை இளகும். கெட்டியாக இருந்ததே இளகும் என்றால், ஏற்கெனவே தளர இருந்தது கஞ்சியாகத்தான் போகும்.

ஜீனி போடச் சரியான நேரத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். பருப்பும் மாவும் சேர்ந்து கொதிக்கும்போது முதலில் சின்னச் சின்னக் குமிழாக, சலசலவென்று வரும். தண்ணீர் குறையக் குறையக் குமிழ் பெரிதாகி, ஒவ்வொன்றாக 'பொளக்' என்று வெடிக்கும். கை மேல் தெறிப்பது இந்த நேரத்தில்தான், காம்பு நீளமான கரண்டியாக எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கரண்டியால் வாணலியின் நடுவில் ஒரு கோடு இழுத்தால் அடி தெரியும். தெரிந்த அடி உடனே மூடிக்கொண்டால் இன்னும் கிளறுங்கள். இரண்டு மூச்சு விடும் நேரம் கோடு நின்று, பிறகு மெல்ல மூடினால் ஜீனி போடலாம்.

ஜீனியும் விழுந்து எல்லாம் இளகிக் கிடக்கிறது என்றால் வழி ஒன்றுதான், கிளறுவது. அகலமான வாணலிக்கு மாற்றுங்கள். பரப்பு கூடினால் தண்ணீர் சீக்கிரம் போகும். தீ நடுத்தரமாக இருக்கட்டும். கான்ஃப்ளவரைக் கரைத்து ஊற்றிச் சரிசெய்கிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள். கெட்டியாகும், உண்மை. ஆனால் ஆறியதும் ஜெல்லி மாதிரி ஆடும் ஒரு பொருள் கிடைக்கும், அதற்கு அசோகா என்று பெயர் இல்லை.

எவ்வளவு நெய் விட்டாலும் குடித்துவிடுகிறது, வெளியே வரவே இல்லை

இங்கேதான் ஆளாளுக்கு நெய் ஜாடியைத் தேடுவார்கள். கையைக் கட்டிக்கொள்ளுங்கள். கலவையில் தண்ணீர் இருக்கும்வரை மாவும் பருப்பும் நெய்யைத் தங்களுக்குள் பிடித்து வைத்திருக்கும். தண்ணீர் வற்றிய பிறகுதான் பிடி தளர்ந்து, ஓரங்களில் நெய் முத்து முத்தாகக் கோக்கும். ஆகவே நெய் வரவில்லை என்றால் இன்னும் ஐந்து பத்து நிமிஷம் கிளறுவதுதான் மருந்து. இன்னொரு கால் டம்ளர் நெய் விட்டால் அதையும் இழுத்துக்கொண்டு, பிற்பாடு தண்ணீர் போனதும் மொத்தத்தையும் கக்கும். அப்போது பாத்திரத்தில் நெய்க்குளம்.

ஏழூரில் தில்லைஸ்தானமும் ஒன்று. அதன் பழைய பெயர் திருநெய்த்தானம், சுவாமி பெயர் நெய்யாடியப்பர். திருமழபாடியில் நடந்த நந்தி கல்யாணத்துக்கு நெய் அங்கிருந்துதான் போனதாகச் சொல்வார்கள். பழம் திருப்பழனத்திலிருந்து, சோறு திருச்சோற்றுத்துறையிலிருந்து, பூ திருப்பூந்துருத்தியிலிருந்து. அந்தக் கல்யாணத்துக்குச் சீர் கொடுத்த ஊர்களுக்கு நன்றி சொல்லத்தான் ஐயாறப்பர் சித்திரையில் பல்லக்கேறி ஏழூரையும் சுற்றி வருகிறார் என்பது ஐதிகம். நெய்க்கென்றே ஓர் ஊர் வைத்திருக்கிறவர்கள் நாங்கள். அப்படியிருந்தும் சொல்கிறேன்: 1 டம்ளர் பருப்புக்கு 1 டம்ளர் நெய் போதும்.

நெய் தனியாக நிற்கிறது, அசோகா உதிர் உதிராக இருக்கிறது

மேலே சொன்னதற்கு நேர் எதிர். பக்குவம் தாண்டிவிட்டது. சேர்த்துப் பிடிக்கத் தண்ணீர் துளிகூட இல்லாததால் பருப்பு ஒரு பக்கம், நெய் ஒரு பக்கம். பயப்பட வேண்டாம், இது எளிதில் திரும்பும். அடுப்பைச் சிறு தீயில் வைத்து, இரண்டு மூன்று ஸ்பூன் கொதிக்கும் தண்ணீரை ஓரமாகத் தெளித்து அழுத்திக் கிளறுங்கள். நெய் உள்ளே போய், கலவை மறுபடி பளபளக்கும். பளபளத்த உடனே இறக்கிவிடுங்கள். பச்சைத் தண்ணீர் வேண்டாம், சூடான நெய்யில் விழுந்தால் வெடித்துத் தெறிக்கும்.

பருப்பு நாக்கில் நறநறக்கிறது

பருப்பு வேகவில்லை. குக்கரில் போட்டோமே என்பீர்கள். எந்த மாதத்துப் பருப்பு என்று பாருங்கள்.

நம் பக்கத்தில் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், வயலில் ஈரம் இருக்கும்போதே நிற்கிற நெல்லுக்குள் உளுந்தும் பயறும் தெளிப்பார்கள். நெல்லை அறுத்தபின் மிச்ச ஈரத்திலும் பனியிலும் அது வளர்ந்து, 65, 70 நாளில் பறிப்புக்கு வரும். அதனால் பங்குனி, சித்திரையில் புதுப் பயறு. ஏழூர்ப் பல்லக்கு சமயத்தில் உடைத்த பருப்பு மூன்று விசிலில் குழைந்துவிடும், தண்ணீரும் இரண்டு டம்ளர் போதும். அதே பயறு ஆராதனைக்கு வரும்போது ஏறக்குறைய ஒரு வருஷப் பழசு. அதற்கு அரைமணி நேரமாவது வெந்நீரில் ஊறல் வேண்டும், விசிலும் இரண்டு கூட. கடையில் பொட்டலம் வாங்குகிறவர்கள் பருப்பின் நிறத்தைப் பார்க்கலாம்: புதுசு வெளிர் மஞ்சளாக, மேல் மினுக்கோடு இருக்கும், பழசு மங்கி, மாவுத்தூள் படிந்தாற்போல் இருக்கும்.

தண்ணீரும் காரணமாகலாம். போர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் இருந்தால் எந்தப் பருப்பும் சுலபத்தில் மசியாது. கடைமடைப் பக்கம் இந்தத் தொல்லை தெரிந்ததுதான். குடிக்கிற தண்ணீரிலேயே பருப்பை வேகவையுங்கள். ஆப்பசோடா போட்டால் வெந்துவிடும், ஆனால் சவுக்கார வாடை வரும்.

ஜீனி போடுவதற்கு முன் கண்டுபிடித்தால் பருப்பைத் திரும்பக் குக்கரில் போட்டு விடலாம். ஜீனி போட்ட பிறகு என்னதான் கொதிக்கவைத்தாலும் வேகாது. தண்ணீரை ஜீனி தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், பருப்புக்குக் கிடைக்காது. அப்போது ஆறவிட்டு மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு, திரும்ப வாணலியில் போட்டுச் சுருட்டுங்கள். வழவழப்பு வந்துவிடும். சூட்டோடு மிக்ஸியில் போட்டால் மூடி பறக்கும்.

இங்கே ஒரு சந்தேகமும் தீர்க்க வேண்டும். சிலர் பருப்பு ஒன்றிரண்டாகத் தெரிந்தால்தான் அழகு என்பார்கள். வெந்து மசியாமல் தெரிவது வேறு, வேகாமல் தெரிவது வேறு. விரலால் நசுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மாவு வாடை அடிக்கிறது, தொண்டையை அடைக்கிறது

கோதுமை மாவை நெய்யில் போதுமான அளவு வறுக்கவில்லை. சிறு தீயில், மாவு நெய்யோடு சேர்ந்து நுரைத்து, பிறகு நுரை அடங்கி, பிஸ்கட் சுடுகிற மணம் வரும்வரை வறுக்க வேண்டும். நுரைக்கும்போதே பருப்பைக் கொட்டுகிறவர்கள்தான் அதிகம். பிறகு எவ்வளவு ஏலக்காய் போட்டாலும் அந்த வாடை அடங்காது. தனி வாணலியில் இரண்டு ஸ்பூன் நெய் காயவைத்து, அசோகாவை அதில் திருப்பிப்போட்டுச் சிறு தீயில் பத்து நிமிஷம் கிளறினால் ஓரளவு போகும். முழுதாகப் போகாது.

கட்டி கட்டியாக இருந்தால் மாவை நெய்யில் வறுக்காமல் நேராகப் பருப்பில் தூவியிருக்கிறீர்கள். நெய் பூசிய மாவு கட்டி தட்டாது. கட்டிகளை மத்தால் கடைந்து உடையுங்கள், இல்லையென்றால் கண் பெரிய சல்லடையில் தேய்த்து இறக்குங்கள்.

இறக்கும்போது அருமை, ஆறியதும் கல்

அதிகம் கிளறிவிட்டீர்கள், அல்லது நெய் உறைந்திருக்கிறது. இரண்டும் ஒன்றில்லை. தை மாதப் பனியில் நெய் உறைந்து எந்த அசோகாவும் விறைப்பாகத்தான் இருக்கும். இட்லிப் பானையில் கிண்ணத்தோடு வைத்து ஆவி காட்டினால் இளகிவிடும். இளகவில்லை என்றால் அதிகம் கிளறியது. கொஞ்சம் கொதிக்கும் பாலோ தண்ணீரோ விட்டுச் சூடுபண்ணிக் கிளறுங்கள். பால் விட்டது அன்றைக்கே தீர வேண்டும்.

சித்திரை வெயிலில் இதற்கு மாறாக இருக்கும். அதே பக்குவத்தில் இறக்கியது தளரத் தெரியும். அதைப் பார்த்துத் திரும்ப அடுப்பில் ஏற்றிவிடாதீர்கள். தட்டுச் சோதனையை மட்டும் நம்புங்கள்.

மேலே வெள்ளையாக மணல் போலப் படிந்து, பல்லில் கரகரத்தால் ஜீனி பூத்திருக்கிறது. வாணலி ஓரத்தில் ஒட்டிக் காய்ந்த ஜீனியைக் கடைசியில் சுரண்டி உள்ளே தள்ளியிருப்பீர்கள். கால் டம்ளர் வெந்நீரும் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறும் விட்டு ஜீனி கரையும்வரை சூடாக்கிச் சுருட்டினால் சரியாகும். அடுத்த முறை ஓரத்தை அவ்வப்போது வழித்துக்கொண்டே வாருங்கள்.

நிறம் கடை அசோகா மாதிரி இல்லை

பருப்பைச் சிவக்க வறுத்திருந்தால் அதன்மேல் எந்தப் பொடி போட்டாலும் செங்கல் நிறம்தான். வாசனை வந்து, பருப்பு லேசாக நிறம் மாறத் தொடங்கும்போதே இறக்கிவிட வேண்டும். வாணலிச் சூட்டிலேயே இன்னும் கொஞ்சம் சிவக்கும், ஆகவே உடனே தட்டில் கொட்டுங்கள்.

திட்டுத் திட்டாக இருந்தால் பொடியை அப்படியே தூவியிருக்கிறீர்கள். ஒரு ஸ்பூன் வெந்நீரில் கரைத்து, ஜீனி கரைந்தபிறகு விடுங்கள்.

போதவில்லை என்று மேலும் மேலும் போடாதீர்கள். அனுமதிக்கப்பட்ட சாயங்களுக்கும் கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்று உச்சவரம்பு இருக்கிறது. வீட்டு அளவுக்கு அது ஒரு சிட்டிகைக்குள் அடங்கிவிடும். உணவுப் பாதுகாப்பு உரிம எண் இல்லாத உதிரிப் பொட்டலம் வேண்டவே வேண்டாம். பஞ்சு மிட்டாயில் ரோடமைன் பி என்கிற துணிச்சாயம் இருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் அதற்குத் தடையே வந்தது. நிறமே போடாமல் கிண்டினால் தேன் நிறத்தில் வரும். என் கண்ணுக்கு அதுதான் லட்சணம், ஆனால் வருகிறவர்கள் "இது அசோகாவா, பருப்பு அல்வாவா?" என்று கேட்பார்கள். குங்குமப்பூவை வெந்நீரில் ஊறவைத்து விட்டால் இரண்டு கட்சிக்கும் சமாதானம். மஞ்சள்தூள் போடாதீர்கள், சாம்பார் ஞாபகம் வரும்.

அடிப்பிடித்துவிட்டது

சுரண்டாதீர்கள். வாடை வந்த நொடியில் கரண்டியை எடுத்துவிட்டு, மேலாக உள்ளதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு வழித்து மாற்றுங்கள். அடியோடு கலந்துவிட்டால் எந்த வைத்தியமும் இல்லை. அடிகனமான உருளியும் விடாத கையும்தான் காவல்.

அண்ணத்தில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது

நெய்யில் வனஸ்பதி கலந்திருக்கிறது. வாய்ச் சூட்டில் நெய் உருகிவிடும், வனஸ்பதி முழுதாக உருகாது. கிளறிச் சரிசெய்ய முடியாது. வெண்ணெய் வாங்கி வீட்டில் காய்ச்சுங்கள்.

திகட்டுகிறது

ஒரு சிட்டிகை உப்பைப் போட மறந்திருப்பீர்கள். ஜீனியை ஒன்றரை டம்ளர்வரை குறைக்கலாம், அதற்குக் கீழே போனால் பளபளப்பும் வராது, தாங்கவும் தாங்காது. கையில் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்றும் பாருங்கள். மந்தாரை இலையில் எலுமிச்சை அளவு, கூடவே ஒரு பிடி மிக்சர். அவ்வளவுதான் மரியாதை.

மறுநாள் புளித்த வாடை

சூட்டோடு டப்பாவில் போட்டு மூடியிருக்கிறீர்கள். ஆவி மூடியில் தண்ணீராகச் சொட்டி, சொட்டின இடத்தில் முதலில் கெடும். அகலத் தட்டில் பரப்பி, மெல்லிய துணி போட்டு மூடி, முழுக்க ஆறியபின் டப்பா. ஈரக் கரண்டி உள்ளே போகக் கூடாது. பருப்புப் பலகாரம் என்பதை மறக்க வேண்டாம்: தையில் வெளியே இரண்டு நாள் தாங்கும், சித்திரையில் அன்றைக்கு ராத்திரியே பிரிட்ஜுக்குப் போக வேண்டும். வாடை வந்துவிட்டதைச் சூடுபண்ணிப் பரிமாறாதீர்கள். கொட்டிவிடுங்கள்.

எப்போதும் நன்றாக வரும், அளவைக் கூட்டினேன், கெட்டுவிட்டது

திருவிழா வாரத்தின் புகார். பருப்பு நாலு மடங்கானால் தண்ணீரும் நாலு மடங்கு. ஆனால் வாணலியின் வாய் அதே வாய். ஆவி போக வழி இல்லாமல் ஒரு மணி நேரமாகியும் இளகிக் கிடக்கும், பொறுமை போய்த் தீயைக் கூட்டுவீர்கள், அடிப்பிடிக்கும். பருப்பு வேகவைக்கும் தண்ணீரையே கொஞ்சம் குறையுங்கள். 4 டம்ளர் பருப்புக்குக் குக்கரில் 10 டம்ளர் வேண்டாம், எட்டரை போதும். நெய்யும் 4 டம்ளர் தேவைப்படாது. மூன்றே கால் விட்டுவிட்டு ஓரத்தில் கோக்கிறதா என்று பாருங்கள். வீட்டு அடுப்பில் ஒரு தடவைக்கு 2 டம்ளர் பருப்புக்கு மேல் போடாமல், இரண்டு ஈடாகக் கிண்டுவதே நல்லது. முதல் ஈடு ஆறுவதற்குள் இரண்டாவது முடிந்துவிடும், ருசி பார்த்து ஜீனியைக் கூட்டவோ குறைக்கவோ இடமும் இருக்கும்.